புதுப்பிப்பு: அம்மாவின் உள்கன்னக் கட்டி, கத்தியா எலக்ட்ரோகாட்டரியா?

வழி சொன்ன அனைவருக்கும் நன்றி. அடிக்கடி பல் கடிபட்டு அம்மாவின் உள்கன்னத்தில் வளர்ந்த சிறு கட்டியை கத்தியால் எடுப்பது நல்லதா, எலக்ட்ரோகாட்டரியால் (மின்சாரச் சூட்டால் சதையை வெட்டவும் இரத்தக் கசிவை நிறுத்தவும் உதவும் கருவி) எடுப்பது நல்லதா என்று கேட்டிருந்தேன். கோரிப்பாளையம் பக்கத்துப் பல் மருத்துவமனையில் நல்லபடியாக எடுத்தாகிவிட்டது.

"பயாப்சிக்கு (எடுத்த சதையை நுண்ணோக்கியில் பார்க்கும் சோதனை) அனுப்புவார்களா என்று முதலில் கேளுங்கள்" என்று ஒரு அக்கா எழுதியதுதான் கைகொடுத்தது. காட்டரியின் சூடு சதையின் ஓரத்தைக் கருக்கிவிடும். பிறகு நுண்ணோக்கியில் அந்த ஓரத்தைச் சரியாகப் படிக்க முடியாது. ஆகவே மருத்துவர் கத்தியால் வெட்டியெடுத்து, இரத்தக் கசிவை மட்டும் காட்டரியால் நிறுத்தினார். காட்டரியின் மின்சாரம் பேஸ்மேக்கரைப் (இதயத் துடிப்பைச் சீராக்கும் கருவி) பாதிக்கலாம் என்பதால், அம்மாவுக்கு அது இல்லை என்பதை முன்பே உறுதிசெய்துகொண்டார். இரத்தம் எளிதில் உறையாமலிருக்க அம்மா சாப்பிடும் ஆஸ்பிரினை நிறுத்தச் சொல்லவில்லை. தயவுசெய்து மருத்துவரைக் கேட்காமல் யாரும் அதை நிறுத்திவிடாதீர்கள்.

மரத்துப்போன வாயில் வலியே இல்லை. ஆனால் கருகல் வாடை அம்மாவை மிரட்டிவிட்டது, இதை முன்கூட்டியே சொல்லிவையுங்கள். பின்னர் புண்மேல் வெள்ளைப் படலம் படர்ந்ததும் சீழோ என்று பதறிப்போனோம். ஆறும் புண்ணில் படியும் ஃபைப்ரின் (இரத்தம் உறையும்போது உருவாகும் புரத இழை) அது, சுரண்டக்கூடாது என்றார் மருத்துவர். காரத்தைத் தள்ளிவைத்து, பருத்திப்பாலை நன்றாக ஆற்றிக் கொடுத்தோம்.

பயாப்சி முடிவு: சாதாரண நார்த்திசுக் கட்டி, புற்றுநோய் இல்லை. தையலும் பிரித்தாகிவிட்டது.