எத்தியோப்பியாவின் டானகில் தாழ்நிலத்துக்குப் போனவர்களுக்கு: எந்த இடம் இன்னும் உறுத்துகிறது?

கரும்பாறை:
எர்டா அலே எரிமலை, புது லாவாவின் மேலோடு. வெள்ளிப் பூச்சு மாதிரி மினுங்கினால் அடியில் வெற்றுக்கூடு இருக்கலாம். கண்ணாடி நொறுங்குகிற சத்தம் கேட்கும், கால் முழங்கால் வரை உள்ளே போயிருக்கும். இறங்கும்போது அவ்வளவாகக் கிழிக்காது. பதறி உருவும்போதுதான் சதை போகும். அசையாமல் நின்று, தடியால் சுற்றுவிளிம்பை உடைத்துப் பெரிதாக்கிவிட்டு, காலை நேராக மேலே எடுக்க வேண்டும். கெட்டித் தோல் கையுறை இல்லாமல் அங்கே கையை ஊன்றவே கூடாது.

தடம்:
தடியால குத்திப் பாத்துட்டு நடந்தாப் போதும்னு சொல்றவங்களுக்கு: தடி தாங்குற இடம் ஆளைத் தாங்கணும்னு இல்ல. சத்தத்தைக் கேளுங்க. ‘டொக்’னு எதிரொலிச்சா சுத்திப் போங்க. 2017 ஜனவரியில தென்கிழக்குச் சரிவு பிளந்து லாவா ஏரி மட்டமே இறங்கிடுச்சு. அதுக்கு முந்தின படங்களை நம்பி எந்த விளிம்புலயும் நிக்காதீங்க.

உப்புவெளி:
என்னைக் கேட்டால் டாலோல் வெந்நீர் ஊற்றுகளுக்குப் பக்கத்துக் குளம்தான். கரையோரம் செத்த பறவைகள், உடம்பில் ஒரு காயம்கூட இல்லை. குளத்திலிருந்து கொப்பளிப்பது கார்பன் டை ஆக்சைடு. காற்றைவிடக் கனம் என்பதால் தரையோடு படிந்து கிடக்கும். நிற்கிறவருக்கு ஒன்றும் தெரியாது. படம் எடுக்கக் குனிகிறவருக்குத்தான் ஆபத்து. காற்று ஓய்ந்திருந்தால் பள்ளத்தில் இறங்காதீர்கள். முகமூடியில் எந்த வடிகட்டி போட்டாலும் இந்த வாயுவுக்குப் பயன் இல்லை, ஈரத்துணி சுத்த வீண்.

கரும்பாறை:
ஈரத்துணி எர்டா அலேயில் கந்தக டை ஆக்சைடுக்குக் கொஞ்சம் உதவும். அங்கேயும் அமில வாயு வடிகட்டி போட்ட முகமூடிதான் சரி.

மஞ்சள்குளம்:
டாலோல் நிறமெல்லாம் பாக்டீரியா வேலை என்று இன்னும் எத்தனை நாள் சொல்வார்கள்! அது இரும்பும் கந்தகமும். ஊற்று புதிதாக இருக்கும்போது வெளிர் நிறம், இரும்பு ஆக்சிஜன் ஏற ஏற மஞ்சள், ஆரஞ்சு, கடைசியில் பழுப்பு. பழுத்துப்போனால் ஊற்று நின்றுவிட்டது, உப்பும் காய்ந்து பொருபொருத்துப் போயிருக்கும். அந்தத் தண்ணீரின் பிஎச் (குறையக் குறைய அமிலம் கூடும்) சில இடங்களில் பூஜ்யத்துக்கும் கீழே. உயிரே இல்லை என்று 2019இல் ஓர் ஆய்வு, நுண்ணுயிர் உண்டு என்று அதே ஆண்டு இன்னொன்று. சண்டை அவர்களுக்குள் இருக்கட்டும், நிறத்துக்குக் காரணம் அது இல்லை.

தடம்:
யாரும் கேக்கல, இருந்தாலும் சொல்றேன். அலுமினிய டிரைபாடை டாலோல் குளத்துல ஊன்றாதீங்க, அமில உப்புநீர் அரிச்சிடும். கார்பன் ஃபைபர்னாலும் மூட்டு, திருகெல்லாம் உலோகம்தான், அன்னிக்கே நல்ல தண்ணியில கழுவுங்க. ஷூவும் அப்படித்தான். உப்பு காஞ்சா தையல் ஓட்டைக்குள்ள படிகமாகி நூலை அறுத்துடும். எர்டா அலேயில கான்டாக்ட் லென்ஸ் வேண்டாம். லாவா தெறிக்கும்போது இழுபடுற கண்ணாடி நூல் காத்துல பறந்து கண்ணுக்குள்ள போகும், தேய்ச்சா கருவிழி கீறிடும். கண்ணைச் சுத்தி இடைவெளி இல்லாம ஒட்டுற மாதிரி கண்ணாடி போடுங்க. கிளம்புறதுக்கு முன்னாடி பிரான்சுல இருக்குற துலூஸ் எரிமலைச் சாம்பல் மையத்தோட அறிவிப்பைப் பாருங்க. 2025 நவம்பர் 23 அன்னிக்குப் பக்கத்துல ஹைலி குப்பி எரிமலை வெடிச்சுச்சு, சாம்பல் டெல்லி வரைக்கும் போச்சு.