பிஎஸ்ஏ 4-க்குக் கீழே என்றால் நிம்மதியாகத் தூங்கலாமா?

ஆந்தைக்கண்: “ரத்தத்தில் பிஎஸ்ஏ (ப்ராஸ்டேட் சுரப்பி உண்டாக்கும் புரதம்; அளவு மில்லிலிட்டருக்கு நானோகிராமில்) 4-க்குக் கீழே என்றால் ப்ராஸ்டேட் புற்றுநோய் கிடையாது, புது டெஸ்ட் எல்லாம் காசு பிடுங்கும் வேலை” என்று பழைய ஓடம் எழுதியதைப் படித்ததிலிருந்து எரிச்சல் அடங்கவில்லை. 2004-இல் வந்த அமெரிக்க ஆய்வில் 4-ஐத் தாண்டாத ஆண்களுக்கும் பயாப்ஸி, அதாவது திசுவை எடுத்துச் சோதிப்பது, செய்தார்கள். சுமார் 15 சதவீதம் பேருக்குப் புற்றுநோய் இருந்தது. கிடையாதாம்!

பழைய ஓடம்: எனக்கு 3.1. நன்றாகத்தான் இருக்கிறேன்.

ஆந்தைக்கண்: உங்கள் 3.1-ஐ வைத்து ஊருக்கே சட்டம் போடாதீர்கள். ப்ராஸ்டேட் வீக்கத்துக்குக் கொடுக்கும் ஃபினாஸ்டிரைடு மாத்திரையைத் தொடர்ந்து சாப்பிட்டால் பிஎஸ்ஏ ஏறக்குறைய பாதியாகிவிடும். நீங்கள் சாப்பிடுகிறீர்களா?

சுவடி: ஆந்தையாரே, அந்த 15 சதவீதத்தில் பெரும்பாலானவை வீரியம் குறைந்தவை. அதை ஏன் விழுங்கிவிட்டீர்கள்? அப்புறம், பேச்சு புது பயோமார்க்கர், அதாவது நோயைக் காட்டிக்கொடுக்கும் உடல் அடையாளம், பற்றியது. பிஎச்ஐ என்ற புது டெஸ்ட், மொத்த பிஎஸ்ஏ, வேறு புரதத்தோடு ஒட்டாத கட்டற்ற பிஎஸ்ஏ, பிஎஸ்ஏ-வின் முன்வடிவமான புரோபிஎஸ்ஏ மூன்றையும் சேர்த்துப் போடும் கணக்கு. அமெரிக்காவில் 2012-இல் அதற்கு அனுமதி கிடைத்தது பிஎஸ்ஏ 4 முதல் 10 வரை உள்ளவர்களுக்கு. தேவையில்லாத பயாப்ஸியைக் குறைக்கத்தான்.

பழைய ஓடம்: 4-இல்தானே தொடங்குகிறது? அதைத்தான் நானும் சொன்னேன்.

ஆந்தைக்கண்: இல்லை! 4-க்குக் கீழே புற்றுநோயே இல்லை என்றீர்கள். பேச்சை மாற்றுவது உங்களுக்குப் பழக்கம், வைட்டமின் டி விவாதத்திலேயே பார்த்தேன்.

தமிழ்க்கிறுக்கன்: பயோமார்க்கர் என்ன பயோமார்க்கர்? உயிர்க்குறிப்பான் என்று எழுதக் கை வலிக்கிறதா?

சுவடி: எழுதலாம். பிஎச்ஐ-க்கும் ஒரு பெயர் வைத்துக் கொடுங்கள்.

பழைய ஓடம்: 4கே ஸ்கோர் என்றும் ஒரு டெஸ்ட் இருக்கிறதாம். அதிலும் 4!

ஆந்தைக்கண்: ஐயா, அது பிஎஸ்ஏ-வும் சேர்ந்த கல்லிக்ரீன் குடும்பத்தில் நான்கு புரதங்களை அளப்பதால் வந்த 4. உங்கள் கோட்டுக்கும் அதற்கும் ஒட்டுமில்லை உறவுமில்லை. 2003-இலிருந்து படித்துக்கொண்டிருக்கிறேன், இவ்வளவு தைரியமான அறியாமையை இப்போதுதான் பார்க்கிறேன்.

சுவடி: படித்தவருக்குத் தெரிந்திருக்கும், 1970-இல் ப்ராஸ்டேட் ஆன்டிஜனைக் கண்டறிந்த ரிச்சர்ட் ஆப்லினே 2010-இல் பிஎஸ்ஏ பரிசோதனையைப் பொதுவில் கடுமையாகச் சாடினார். அதற்கு என்ன பதில்?

ஆந்தைக்கண்: அதனால்தானே புது டெஸ்ட் வேண்டும் என்கிறேன்! நீங்கள் யார் பக்கம்?

சுவடி: உங்கள் பக்கம் இல்லை, அது மட்டும் உறுதி.

தமிழ்க்கிறுக்கன்: டெஸ்ட் அல்ல, சோதனை.

பழைய ஓடம்: எனக்கு 3.1. தூங்கப் போகிறேன்.

ஆந்தைக்கண்: மாத்திரை சாப்பிடுகிறீர்களா இல்லையா? இரண்டாவது தடவையாகக் கேட்கிறேன்.