படகுல தேக்கு கைப்பிடி கறுத்துப்போச்சு, மறுபடி ஆயில் அடிக்கலாமா?

நீலப்பாய்: வணக்கம். சிங்கப்பூர்ல பழைய பாய்மரப் படகு ஒண்ணு வாங்கியிருக்கேன், வெளிப்பக்கம் தேக்கு கைப்பிடி, ஓரக்கட்டை எல்லாம் சாம்பல் கலர்ல போய் நடுநடுவுல கறுப்புப் புள்ளியா இருக்கு, தொட்டா கையில ஒட்டுது. டெக்கும், அதான் நடக்கற மேல்தளமும், தேக்குதான். முன்னாடி வச்சிருந்தவர் டீக் ஆயில் தேய்ச்சுக்கிட்டே இருந்தாராம். பிரஷர் வாஷர்ல அடிச்சுட்டு திரும்ப ஆயில் போட்டா சரியாகுமா?

துடுப்பு: பிரஷர் வாஷர் வேண்டவே வேண்டாம் தம்பி. தேக்குல ஒரு ரேகை கெட்டியா இருக்கும், பக்கத்து ரேகை மெத்துனு இருக்கும், தண்ணி வேகத்துல மெத்தானது பிச்சுக்கிட்டு போயிடும், விரல் வச்சா வரிவரியா மேடு பள்ளம் தட்டும். அதை சமமாக்க சாண்ட் பேப்பர் போட்டா நல்ல மரமும் சேர்ந்து தேயும். சாம்பல் கலர் வெயில்ல வர்றதுதான், மரம் கெடல. கறுப்புதான் பூஞ்சை, அந்த ஆயில்ல இருக்கற ஆளிவிதை எண்ணெய் அதுக்குத் தீனி, நம்ம ஊர் ஈரத்துக்கு அது ஆகவே ஆகாது.

கரையோரம்: அண்ணன் சொல்றது சரி. சோப்புத் தண்ணி, மெத்துன பிரஷ், ரேகைக்குக் குறுக்கால தேய்ங்க. கறை போகலைன்னா ஆக்ஸாலிக் ஆசிட் கரைசல் தடவி, காயறதுக்குள்ள நிறைய தண்ணி ஊத்திக் கழுவிடுங்க, கிளவுஸும் கண்ணாடியும் கட்டாயம். ரெண்டு பாட்டிலா வர்ற கிளீனர் ரொம்ப காரம், டெக் பலகை இடுக்கை அடைச்சிருக்கற கறுப்பு சீலன்ட்டையும் அலுமினியத்தையும் அரிச்சிடும், அதை கடைசியா யோசிங்க.

நீலப்பாய்: ரொம்ப நன்றிண்ணே. அப்போ ஆயிலுக்கு பதிலா வார்னிஷா?

துடுப்பு: கைப்பிடிக்கு மட்டும். டெக்குக்கு எதுவும் பூசாதீங்க, வழுக்கும், அப்பப்ப கடல் தண்ணி ஊத்திக் கழுவினாலே போதும். கைப்பிடி நல்லா காஞ்சதும் அசிட்டோன் துணியால துடைச்சு உடனே வார்னிஷ் அடிங்க, தேக்கோட சொந்த எண்ணெய் மேல இருந்தா ஒட்டாது. முதல் கோட்டுக்கு வார்னிஷ்ல பாதிக்குப் பாதி தின்னர் கலந்துக்குங்க, அப்புறம் தின்னரைக் குறைச்சுக்கிட்டே வந்து ஆறு ஏழு கோட், ஒவ்வொரு கோட்டுக்கும் நடுவுல 320 நம்பர் சாண்ட் பேப்பர்ல லேசா ஒரு இழுப்பு. மத்தியானத்துக்குள்ள முடிச்சிடுங்க, சாயங்கால மழையும் ஈரமும் பட்டா பளபளப்பு மங்கிடும்.

கரையோரம்: ஒண்ணு சேர்த்துக்கறேன், வார்னிஷ் எங்கயாவது சின்னதா பெயர்ந்தா அன்னைக்கே அங்க மட்டும் திரும்ப ஒரு தொடு பூசிடுங்க, விட்டா தண்ணி உள்ள இறங்கி வார்னிஷுக்கு அடியில கறுத்துடும், அப்புறம் மொத்தமா சுரண்டணும். அவ்வளவு நேரம் இல்லைன்னா கைப்பிடிக்கு கேன்வாஸ் உறை தைச்சுப் போடுங்க, வார்னிஷ் ரொம்ப நாள் தாங்கும்.

நீலப்பாய்: உறை நல்ல ஐடியா. இந்த வாரம் சோப்புத் தண்ணில ஆரம்பிக்கறேன், காஞ்சதும் போட்டோ போடறேன்.