மேலத்தெரு வீட்டுக் குடும்பம் (வாட்ஸ்அப் குழு)

கார்த்தி (குயின்ஸ்): சித்தப்பா, வீட்டுச் சாவி ஞாயித்துக்கிழமை கொடுக்கணும். பேஸ்மென்ட்ல அப்பாவோட லத்தீன் ஜாஸ் ரெக்கார்டு அப்படியே கிடக்கு. நானூறு இருக்கும். வாங்குறவன் ஒருத்தன் வந்து பாத்தான், மொத்தமா தட்டுக்கு ஒரு டாலர்ங்கான். கொடுத்துரவா?

சித்தப்பா: கொடுக்காத

விஜி அத்தை: அண்ணன் ஆசையா சேத்தது 🙏

ரமேஷ் அத்தான்: ஒரு டாலரா 😂

சித்தப்பா: கார்த்தி, முதல்ல 78-ஐத் தனியா எடு, நிமிஷத்துக்கு 78 சுத்து சுத்துற பழைய தட்டு. 10 இஞ்ச், கனமா இருக்கும். டிக்கோங்கிற ரெக்கார்டு கம்பெனி தொடங்கினது 1948-ல, லத்தீன் டிரம்ஸ்காரர் டிட்டோ புவென்டே ஆரம்பத்துல அவங்களுக்கு வாசிச்சதெல்லாம் 78-லதான் வந்துது. அது அரக்கு. விழுந்தா போச்சு. ஆல்கஹால் கலந்த எதையும் வச்சுத் துடைக்காத, அரக்கு கரைஞ்சுரும். எல்பி (33⅓ வேகத் தட்டு) ஊசிய அதுல வைக்காத. ஊசி முனை எல்பிக்கு 0.7 மில், 78-க்கு 3 மில் (மில்னா இஞ்சுல ஆயிரத்துல ஒரு பங்கு). சின்ன ஊசி பள்ளத்தோட அடில போய் உரசும், இரைச்சல்தான் கேக்கும்.

கார்த்தி (குயின்ஸ்): 📷 படம்
கார்த்தி (குயின்ஸ்): இது சிவப்பா இருக்கு, கண்ணாடி கணக்கா. டூப்ளிகேட்டா?

நிலா: அய்யோ அண்ணா இல்ல!! ஃபேன்டஸி கம்பெனி. சிவப்பு மோனோ, நீலம் ஸ்டீரியோ

சித்தப்பா: கோங்கா மேளக்காரர் மோங்கோ சான்டமரியா, 1959. ‘ஆஃப்ரோ ப்ளூ’ இருக்குற தட்டு. சாக்ஸஃபோன்காரர் கோல்ட்ரேன் அந்தப் பாட்டை அப்புறம்தான் வாசிச்சாரு.

ரமேஷ் அத்தான்: சான்டானா ராக் ரெக்கார்டு இருக்கா? ‘ஓயே கோமோ வா’ பாட்டு

சித்தப்பா: அது புவென்டேயோட பாட்டு. 1962. சான்டானா எடுத்தது 1970.

ரமேஷ் அத்தான்: சரி மாமா சரி

விஜி அத்தை: திவசம் திதிப்படியா தேதிப்படியா? ஐயர் கேக்காரு

பெரியம்மா: திதிப்படி

விஜி அத்தை: அப்ப தீபாவளிக்கு முன்னாலயே வருதே

கார்த்தி (குயின்ஸ்): அத்தை அதப் பொறவு பேசலாம். ஒண்ணுல நாய் படம் இருக்கு

விஜி அத்தை: நம்ம வீட்டு ஹெச்எம்வி!

சித்தப்பா: அமெரிக்கால அந்த நாய் ஆர்சிஏ விக்டருக்கு. புவென்டேயோட ‘டான்ஸ் மேனியா’வா? 1958. நம்பருக்கு முன்னால எல்பிஎம்-னா மோனோ, எல்எஸ்பி-னா ஸ்டீரியோ.

நிலா: ப்ளூ நோட் (ஜாஸ் கம்பெனி) தட்டு ஏதாவது இருந்தா பாட்டு முடிஞ்சு லேபிள் வரைக்கும் இருக்குற வெறும் வளையத்த எனக்கு போட்டோ எடுத்து அனுப்பு. சாய்ச்சுப் பிடி, லைட் படணும்

சித்தப்பா: அண்ணன் சாபு மார்ட்டினஸ் ‘பாலோ கோங்கோ’ ஒண்ணு வச்சிருந்தாரு, ப்ளூ நோட் தட்டு. 1957. ஆர்செனியோ ரோட்ரிகஸும் அதுல வாசிச்சிருக்காரு. வளையத்துல ஆர்விஜி-ன்னு இருக்கணும், சவுண்ட் இன்ஜினியர் ரூடி வேன் கெல்டர் கைப்பட வெட்டினது. பக்கத்துல காது மாதிரி ஒரு குறி, அச்சடிச்ச ஃபேக்டரியோடது. காது இல்லன்னா 66-க்குப் பிந்தின அச்சு. லேபிள்ல லிபர்ட்டி-ன்னு (ப்ளூ நோட்டை வாங்கின கம்பெனி) போட்டிருந்தாலும் அப்படித்தான். விலை எங்கயோ இறங்கிரும்.

கார்த்தி (குயின்ஸ்): காது இருக்கு!!

நிலா: 😭😭 அது எனக்கு

ரமேஷ் அத்தான்: ஆரம்பிச்சாச்சு

சித்தப்பா: கீறல் பாரு. டியூப் லைட் போதாது, ஒத்த பல்ப ஓரமா வச்சு சாய்ச்சுப் பாரு. நகம் ஓரத்தால கீறலுக்குக் குறுக்க மெதுவா ஓட்டு. நகம் தட்டலன்னா பெருசா ஒண்ணும் கேக்காது. தட்டுச்சுன்னா சுத்துக்கு ஒரு டிக். 33⅓ வேகத்துக்கு 1.8 செகண்டுக்கு ஒண்ணு. கோங்கா மட்டும் தனியா வாசிக்கிற இடத்துல அது கிளாவே தாளக் கணக்கையே கெடுத்துரும்.

நிலா: அப்பா, சுருக்கமா

சித்தப்பா: சுருக்கமாத்தான் சொல்லுதேன். பிளாஸ்டிக் உறை தட்டோட ஒட்டியிருந்தா அது பிவிசி, உடனே உருவிரு. தட்டு மேல பனி மூட்டம் போட்டுரும், கழுவினாலும் போகாது. பாலித்தீன் உறை போதும். படுக்கப் போட்டு அடுக்காத. கார் டிக்கில வெயில்ல விடாத, நெளிஞ்சுரும்.

கார்த்தி (குயின்ஸ்): இந்தியா கொண்டு போகணும்னா?

நிலா: உறையோட ஒண்ணு 250 கிராம். செக்-இன் 23 கிலோ. பெட்டி எடை போக 70-க்கு மேல போகாது

நிலா: தட்டை அட்டைக்கு வெளிய எடுத்து வைக்கணும். உள்ள இருந்தா ஆடி ஆடி அட்டையோட ஒட்டு ஓரம் கிழியும்

விஜி அத்தை: இங்க யாருகிட்ட பிளேயர் இருக்கு

சித்தப்பா: பிளேயர் என்கிட்ட இருக்கு. ஆம்ப்ளிஃபயர்தான் இருக்குற இடத்துல இருக்கு.

ரமேஷ் அத்தான்: மாமா அது பார்ட்ஸ் கிடைக்கல

பெரியம்மா: 🎤 குரல் செய்தி 1:52

கார்த்தி (குயின்ஸ்): அம்மா எல்லாத்தையும் வைக்கச் சொல்றாங்க. எங்க வைக்கிறதுனு சொல்லல

நிலா: பிராங்க்ஸ் ப்ராஸ்பெக்ட் அவென்யூல காசா அமதேயோ இருக்கு. 1941-ல இருந்து அதே இடம், லத்தீன் இசைக் கடை. இந்த தட்டோட அருமை தெரிஞ்சவங்க. விக்கிறதா இருந்தா அங்க ஒரு வார்த்தை கேளு. ஆனா முதல்ல லிஸ்ட் போடு: கம்பெனி, நம்பர், அட்டை நிலை, தட்டு நிலை

கார்த்தி (குயின்ஸ்): நானூறுக்குமா? ஞாயித்துக்கிழமைக்குள்ள?

சித்தப்பா: ஃபேனியா கம்பெனி தட்டுக்கு அவ்வளவு அவசரம் இல்ல, நிறைய மறுபடி அச்சாயிருக்கு. டிக்கோ, அலெக்ரே, ஃபேன்டஸி, ப்ளூ நோட் மட்டும் இன்னைக்கு எடு.

விஜி அத்தை: அப்ப ஐயருக்கு என்ன சொல்ல

கார்த்தி (குயின்ஸ்): வேன்காரன் எத்தனை பெட்டினு கேக்கான்

சித்தப்பா: பெட்டிக்கு 50-க்கு மேல போடாத, அடி பிஞ்சுரும்

ரமேஷ் அத்தான்: 🗑️ இந்தச் செய்தி நீக்கப்பட்டது

நிலா: என்ன அத்தான் அழிச்சீங்க