‘க’ ஒலிக்குப் படச் சொற்கள் வேண்டும்

பேச்சுப் பயிற்சி தருபவர்களே, பெற்றோர்களே, ஒரு உதவி. ‘காக்கா’வை ‘தாத்தா’ என்று சொல்லும் நாலு வயதுக் குழந்தைகளுக்குப் பட அட்டை தயாரிக்கிறோம். மல்லாக்கப் படுக்க வைத்து, தண்ணீரில்லாமல் கொப்பளிக்கிற மாதிரி விளையாடினால் நாக்கு பின்னால் போய் ‘க்க்’ வந்துவிடும். நுனி எழும்பினால் ஐஸ் குச்சியால் லேசாக அழுத்திப் பிடித்தால் போதும்.

சிக்கல் சொற்களில்தான். கத்தி, தக்காளி கொடுத்தால் கூடவே இருக்கும் ‘த’ நாக்கை முன்னுக்கு இழுத்துவிடுகிறது. முகம், பகல் உதவாது. நடுவில் வரும் ஒற்றைக் ககரம் மெலிந்து ‘ஹ’ போல ஒலிக்கும்.

கை, கொக்கு, மூக்கு, பாக்கு, கேக், காபி இருக்கின்றன. த, ட, ந, ல கலக்காத, படமாக வரையக்கூடிய சொற்கள் இன்னும் பத்துப் பதினைந்தாவது வேண்டும். உங்கள் ஊர் வழக்கானாலும் சொல்லுங்கள்.