கட்டட மின்சேமிப்புக்கான வரிச்சலுகை: உங்களுக்கு நேர்ந்தது என்ன?

டர்பன், கட்டட மேலாளர்:

தென்னாப்பிரிக்க வருமான வரிச் சட்டத்தின் 12எல் பிரிவு, மின்சாரத்தைச் சேமித்தவர் ஒவ்வொரு யூனிட்டுக்கும் ஒரு தொகையை வரிக்குரிய வருமானத்திலிருந்து கழித்துக்கொள்ள விடுகிறது. அதைப் பற்றி இங்குள்ள பலருக்கும் தெரியும் என்பதால் நேராக நடந்ததற்கே வருகிறேன். இரண்டு ஆண்டுகள் ஆகியும் அது என் மனத்தை விட்டு அகலவில்லை.

நான் பார்த்துக்கொள்ளும் ஒன்பது மாடி அலுவலகக் கட்டடத்தின் சில்லர், அதாவது கட்டடம் முழுவதையும் குளிர்விக்கும் பெரிய இயந்திரம், மிகப் பழையது. டர்பனில் குளிரூட்டல் தேவை குறைவாக இருக்கும் குளிர்காலத்திலேயே அதை மாற்றிவிட வேண்டும் என்று உரிமையாளர்கள் அவசரப்படுத்தியதால், 2023 ஜூலையில் ஒரு சனிக்கிழமை தெருவை மறித்து, கிரேன் வைத்துப் பழையதை இறக்கினோம். அன்று மாலையே பழைய இரும்பு வாங்குபவர் அதை ஏற்றிக்கொண்டு போய்விட்டார். வரிக்கழிவுக்காக நாங்கள் அழைத்திருந்த அளவீட்டுப் பொறியாளர் செவ்வாய்க்கிழமைதான் வந்தார். இளம்பெண். மொட்டைமாடியில் வெறும் சிமெண்டு மேடையும், அதில் நீட்டிக்கொண்டிருந்த நான்கு போல்ட்டுகளும்தான் இருந்தன. பையிலிருந்து எடுத்த அளவுக்கருவியைக் கையில் பிடித்தபடி அந்த மேடையையே சற்று நேரம் பார்த்துவிட்டு, "இதை நான் எதில் மாட்டுவது?" என்று கேட்டார். அவர் குரலில் கோபம் இல்லை. அதனால்தான் அந்தக் கேள்வி இன்னும் உறுத்துகிறது.

பழைய சில்லருக்கெனத் தனி மீட்டர் இருந்ததில்லை. முழுக் கட்டடத்துக்கும் சேர்த்து மாநகராட்சியிலிருந்து ஒரே பில்தான் வரும். புதிய சில்லரால் ஆண்டுக்கு 300,000 யூனிட் மிச்சமாகும் என்று விற்றவர்கள் எழுத்தில் கொடுத்திருந்தார்கள். யூனிட்டுக்கு 95 சென்ட் வீதம் கழிவு 285,000 ராண்டு. 27 சதவீத நிறுவன வரியில் பார்த்தால் கையில் நிற்பது 76,950 ராண்டு. "முன்பு எவ்வளவு செலவானது" என்பதற்கு என்னிடம் ஆதாரம் இல்லாததால் கோப்பை மூடிவிட்டோம். மூன்று நாள் பொறுத்திருக்கலாம் என்று இன்றும் நினைக்கிறேன்.

சாட்ஸ்வர்த், கோயில் குழு உறுப்பினர்:

டர்பன் ஐயா தம்மையே குறை சொல்லிக்கொள்வதை நான் ஏற்கவில்லை. குறை சட்டத்தின் அமைப்பிலேயே இருக்கிறது. வருமான வரி கட்டுபவருக்கு மட்டுமே பயன்படும் சலுகையை நாட்டுக்கே உரிய சலுகை என்று சொல்லிவருகிறார்கள்.

எங்கள் கோயில் மண்டபத்தில் 36 வாட் குழல்விளக்குகள் நானூறு இருந்தன. பழைய சோக்கையும் சேர்த்தால் ஒவ்வொன்றும் ஏறத்தாழ 45 வாட் இழுக்கும். அவற்றை 18 வாட் எல்.இ.டி.க்கு மாற்றும் திட்டத்துடன் ஓர் ஆலோசகர் குழுக் கூட்டத்துக்கு வந்து, 12எல், யூனிட்டுக்கு 95 சென்ட், அரசுச் சான்றிதழ் என்று அரை மணி நேரம் பேசினார். எங்களுக்கெல்லாம் மகிழ்ச்சிதான். புரட்டாசி பூசைக்கு முன் வேலையை முடித்துவிடலாம் என்றுகூடப் பேச்சு எழுந்தது. அப்போது கடைசி வரிசையில் இருந்த ஒரு தாத்தா, கரும்புத் தோட்டத்தில் கணக்கெழுதி ஓய்வுபெற்றவர், மெதுவாக எழுந்து, "நாம்தான் வருமான வரியே கட்டுவதில்லையே, இவர் சொல்லும் தொகையை எதிலிருந்து கழிப்பது?" என்றார். அறையில் மின்விசிறியின் ஓசை மட்டும் கேட்டது. ஆலோசகர் தம் தாள்களை அடுக்கத் தொடங்கினார்.

விளக்குகளை மாற்றினோம், பில்லும் குறைந்தது. ஆனால் முழுச் செலவும் உண்டியலிலிருந்தும் நன்கொடையிலிருந்தும் வந்தது. கோயில், பள்ளி, முதியோர் இல்லம் ஆகியவற்றுக்கு இந்த நாட்டில் வரிக்கழிவு வேண்டாம். பழைய விளக்கைக் கொடுத்தால் புதியதற்குப் பாதி விலை தரும் நேரடித் தள்ளுபடிதான் வேண்டும்.

லெனேசியா, மின்சேமிப்புப் பொறியாளர்:

என் அனுபவம் சிறியது. ஜோஹன்னஸ்பர்க்கில் ஒரு வணிக வளாகத்துக்கு நான் தயாரித்த 12எல் விண்ணப்பம், அதே வேலைக்கு அவர்கள் வேறோர் அரசு மானியமும் பெற்றிருந்தது கடைசி வாரத்தில் தெரியவந்ததால் நின்றுபோனது. ஒரே சேமிப்புக்கு இரண்டு அரசுப் பயன்களைப் பெற முடியாது. மானியக் கடிதத்தை மேசைமேல் வைத்துவிட்டு அந்த மேலாளர் என் முகத்தைப் பார்க்காமல் சன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தது நினைவில் நிற்கிறது.

ஆனால் மேலே இரண்டு பேர் எழுதியதில் திருத்த வேண்டியவை இருப்பதால் சற்று நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

டர்பன் ஐயா, தனி மீட்டர் இல்லை என்பதற்காகக் கோப்பை மூடியது தவறு. மின்சேமிப்பை அளப்பதற்கான தென்னாப்பிரிக்கத் தரமான சான்ஸ் 50010, இயந்திரத்தை மட்டும் தனியே அளக்கும் வழியோடு, முழுக் கட்டடத்தின் பில்களைக் கொண்டு கணக்கிடும் வழியையும் ஏற்கிறது. மாற்றத்துக்கு முந்தைய பன்னிரண்டு மாத பில்கள், அந்த மாதங்களின் வெப்பநிலை, எத்தனை மாடிகளில் ஆட்கள் இருந்தார்கள் என்ற விவரம் ஆகியவற்றைச் சேர்த்தால், பழைய சில்லர் இன்று இருந்திருந்தால் எவ்வளவு செலவாகியிருக்கும் என்பதைக் கணக்கிடலாம். சேமிப்பு என்பதே அந்த எண்ணுக்கும் இன்றைய பில்லுக்கும் உள்ள வேறுபாடுதான். கட்டடத்தின் மொத்தச் செலவில் சேமிப்பு மிகச் சிறிய பங்காக இருந்தால் மட்டும் இந்த வழி கைகொடுக்காது. சில்லர் அப்படிச் சிறிய பங்கு அல்ல. அந்தப் பெண் இதை உங்களிடம் சொல்லியிருக்க வேண்டும்.

சாட்ஸ்வர்த் உறுப்பினர் சட்டத்தையே குறை கூறுவதில் பாதி நியாயம் உண்டு. ஆனால் உங்கள் நானூறு விளக்குகளின் கணக்கைப் பாருங்கள். ஒரு விளக்குக்கு 27 வாட் மிச்சம். நாளுக்குப் பதினாறு மணி நேரம், ஆண்டுக்கு முந்நூறு நாள் எரிந்தாலும் 51,840 யூனிட்டுதான். நீங்கள் வரி கட்டும் நிறுவனமாகவே இருந்தாலும் கையில் நிற்பது ஏறத்தாழ 13,300 ராண்டு. அங்கீகாரம் பெற்ற அளவீட்டு அமைப்பின் கட்டணத்துக்கே அது போதாது. எனவே தாத்தாவின் கேள்வி உங்களை ஒரு வீண் செலவிலிருந்து காத்தது என்பதே என் கருத்து. 2013 நவம்பர் 1 அன்று 45 சென்ட்டில் தொடங்கிய இந்தக் கழிவு 2015இல் 95 சென்ட்டாக உயர்ந்தது. 2022இல் முடிய வேண்டியது 2025 டிசம்பர் 31 வரை நீட்டிக்கப்பட்டது. இத்தனை மாறியும் சிறு கட்டடங்களுக்கு எளிய வழி ஒன்று மட்டும் சேர்க்கப்படவில்லை என்பது எனக்கும் வருத்தமே.

இன்னொன்று. மொட்டைமாடியில் சூரியத் தகடு போட்டவர்கள் அந்த மின்சாரத்தையும் 12எல் சேமிப்பாகக் காட்ட நினைக்கிறார்கள். முடியாது. சூரிய ஒளியிலிருந்து கிடைப்பது இந்தப் பிரிவில் சேராது. அதற்கு 12பி பிரிவு தனியே உண்டு. 2023 மார்ச் 1 முதல் 2025 பிப்ரவரி இறுதி வரை பயன்பாட்டுக்கு வந்தவற்றுக்கு 12பிஏ பிரிவின்கீழ் முதலாண்டிலேயே 125 சதவீதக் கழிவு கிடைத்தது. அதோடு, 12எல் கழிவில் ஓராண்டுச் சேமிப்பு மறு ஆண்டின் அடிப்படை அளவாகிவிடும். அதாவது புதிதாகச் சேமித்ததற்கு மட்டுமே மீண்டும் கேட்க முடியும். விற்பவர்கள் ஐந்தாண்டுக்குப் பெருக்கிக் காட்டும் அட்டவணையை நம்ப வேண்டாம்.

பீட்டர்மாரிட்ஸ்பர்க், அரசு அலுவலகப் பராமரிப்புப் பணி:

தனியார் கட்டடங்களைப் பற்றியே எல்லோரும் எழுதுகிறீர்கள். நாங்கள் வரியும் கட்டுவதில்லை, உண்டியலும் வைப்பதில்லை.

2020 டிசம்பர் 8 அன்று வெளியான விதிப்படி 1,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட அரசுக் கட்டடங்களும், 2,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட குறிப்பிட்ட வகைத் தனியார் கட்டடங்களும் மின்திறன் சான்றிதழ் பெற்று, அதை நுழைவாயிலில் மாட்ட வேண்டும். ஏ முதல் ஜி வரை ஏழு தரங்கள். நடுவில் உள்ள டி என்பது நாட்டின் கட்டட விதிக்கு ஒத்த அளவு. எங்களுக்கு வந்தது எஃப். மாட்டிய முதல் வாரத்தில், ஓய்வூதியக் காகிதத்துக்காக வரிசையில் நின்ற ஓர் அம்மா அதைப் படித்துப் பார்த்துவிட்டு, "என் பேரன் பள்ளியிலிருந்து இப்படி ஓர் எழுத்தைக் கொண்டுவந்தால் நான் அவனை விடமாட்டேன், தம்பி. இந்தக் கட்டடத்தை யார் கண்டிப்பார்கள்?" என்று என்னிடம் கேட்டார். என்னிடம் பதில் இல்லை. அவர் சிரிக்கவும் இல்லை.

அந்த எஃப்பை டி ஆக்குவதற்கு வேண்டிய பட்டியல் என்னிடம் உண்டு. சமையலறைகளில் நாள் முழுதும் கொதிக்கும் வெந்நீர்க் கலன்களுக்கு நேரக் கட்டுப்பாட்டுக் கருவி, இரவெல்லாம் ஓடும் குளிரூட்டிகளை நிறுத்தும் அமைப்பு, படிக்கட்டுகளில் ஆள் வந்தால் மட்டும் எரியும் விளக்கு, இவ்வளவுதான். தேசிய அரசு மின்சேமிப்புக்காகத் தரும் மானியம் நகராட்சிகளின் தெருவிளக்கு, கட்டடம், நீரேற்று நிலையம் ஆகியவற்றுக்குச் செல்கிறது. மாகாணத் துறையான எங்களுக்கு அது இல்லை. எங்கள் பணத்திலேயே செய்து சேமித்தாலோ, அடுத்த ஆண்டு மின்சார ஒதுக்கீடு அந்த அளவு குறைந்துவிடும் என்று கணக்குப் பிரிவினர் தயங்குகிறார்கள். சேமித்ததில் பாதியையாவது அதே கட்டடத்தில் செலவிட விடுங்கள் என்று மூன்று முறை எழுதிவிட்டேன். நான்காவது கடிதத்தில் அந்த அம்மாவின் கேள்வியையும் சேர்த்திருக்கிறேன்.

டர்பன், கட்டட மேலாளர்:

லெனேசியா ஐயாவுக்கு நன்றி. பில்கள் அனைத்தும் கிடைத்துவிட்டன. ஒரே ஐயம்: அந்தப் பன்னிரண்டு மாதங்களிலும் லோட் ஷெட்டிங் (முறைவைத்துச் செய்யும் மின்வெட்டு) கடுமையாக இருந்ததால் ஜெனரேட்டர் பல நூறு மணி நேரம் ஓடியது. அந்த மின்சாரம் மாநகராட்சி பில்லில் இல்லையே?

லெனேசியா, மின்சேமிப்புப் பொறியாளர்:

அதைச் சேர்க்காவிட்டால் பழைய செலவு குறைவாகத் தெரியும். உங்கள் சேமிப்பும் குறையும். டீசல் வாங்கிய ரசீதுகளும் ஓடிய மணிக்கணக்கும் இருந்தால் போதும். ஜெனரேட்டர் ஒரு லிட்டருக்கு மூன்று யூனிட்டுக்குச் சற்று மேல் தரும் என்று தொடக்கக் கணக்குப் போட்டுப் பாருங்கள். கோப்பை மீண்டும் திறக்கலாமா என்பதை உங்கள் வரி ஆலோசகர்தான் சொல்ல வேண்டும்.

டர்பன், கட்டட மேலாளர்:

ரசீதுகள் கணக்குப் பிரிவில் முழுமையாக உள்ளன. ஓடிய நேரத்தை ஒவ்வொரு முறையும் இரவுக் காவலர் ஒரு பள்ளி நோட்டில் எழுதிவைத்திருக்கிறார். 2022 ஏப்ரல் வெள்ளம் அடித்தளத்துக்குள் புகுந்தபோது முந்தைய நோட்டு நனைந்து அழிந்துவிட்டது. அதன் பிறகு அவர் தொடங்கிய புதிய நோட்டு ஏப்ரல் இறுதியிலிருந்து ஒரு நாளும் விடுபடாமல் இருக்கிறது. நமக்கு வேண்டியது 2022 ஜூலை முதல் 2023 ஜூன் வரைதான். இன்று காலை அவரோடு உட்கார்ந்து, பக்கம் பக்கமாகப் படமெடுத்து, அந்தப் பொறியாளர் பெண்ணுக்கு அனுப்பியிருக்கிறேன்.