மடிக்கேரியில் சிலையாக நிற்கும் விமானி

குழு: பெரிய வீட்டு உறவுகள்
செப்டம்பர் 7

தம்பி: (படம்)
மடிக்கேரி பஸ் ஸ்டாண்ட் பக்கம் இந்தச் சிலை. ஏர்ஃபோர்ஸ் யூனிஃபார்ம். இன்னிக்கு மாலை போட்டிருக்காங்க. யாருன்னு தெரியுதா பெரியப்பா?

பெரியப்பா: ஸ்குவாட்ரன் லீடர் அஜ்ஜமாட போபய்யா தேவய்யா. குடகுக்காரர். மாலை ஏன்னா, இன்னிக்கு அவர் நினைவு நாள். 1965 செப்டம்பர் 7, பாகிஸ்தானோட நடந்த போர்ல போனார். வயசு 32தான்டா.

சின்ன அத்தை: குடகுன்னா ராணுவத் தளபதிங்க கரியப்பா, திம்மய்யா பேர்தான் தெரியும். இவரைப் பத்திக் கேள்விப்பட்டதே இல்லையே அண்ணா?

பெரியப்பா: எப்படிம்மா கேள்விப்பட்டிருப்ப? அவர் என்ன செஞ்சார்னு நம்ம விமானப்படைக்கே ரொம்ப வருஷம் தெரியாது. இரு, டைப் பண்றேன்.

பெரியப்பா: அவர் நம்பர் 1 ஸ்குவாட்ரன், ஆதம்பூர். பஞ்சாப்ல ஜலந்தர் பக்கம். பின்னாடி நானும் அங்க வேலை பார்த்திருக்கேன். முதல் நாள் சாயங்காலம் பாகிஸ்தான்காரன் பதான்கோட்ல நம்ம விமானங்களை அடிச்சிட்டுப் போயிட்டான். பதிலுக்கு சர்கோதாவை அடிக்கணும்னு உத்தரவு. அதான் அவங்களோட பெரிய தளம். 12 மிஸ்டியர் போர் விமானம், இருட்டோட கிளம்பணும். தேவய்யா அந்தப் பட்டியல்லயே இல்ல, ரிசர்வ். ஒரு விமானம் வரிசையிலிருந்து விலகிடுச்சு, அந்த இடத்துக்கு இவர் போனார்.

குட்டி: ரிசர்வ்ல இருந்தவரா 😔

பெரியப்பா: ஆமா குட்டி. சர்கோதாவை அடிச்சிட்டுத் திரும்பறப்ப பாகிஸ்தானோட ஸ்டார்ஃபைட்டர் போர் விமானம் ஒண்ணு துரத்துது. ஓட்டினவர் ஃபிளைட் லெப்டினன்ட் அம்ஜத் உசேன். ஏவுகணை விட்டார், படல. அப்புறம் பீரங்கியால சுட்டார், அது தேவய்யா விமானத்துல பட்டுச்சு. முடிஞ்சதுன்னு நினைச்சு அம்ஜத் அடுத்த விமானத்தைத் தேடிப் போயிட்டார். அடிபட்ட தேவய்யா அப்படியே எல்லையைப் பார்த்து ஓட முயற்சி பண்ணியிருக்கலாம். பண்ணல. திரும்பி வந்து ஸ்டார்ஃபைட்டர் மேலயே பாஞ்சார்.

குட்டி: ஒரு சந்தேகம் பெரியப்பா. ஸ்டார்ஃபைட்டர் மாக் 2, அதாவது ஒலியை விட ரெண்டு மடங்கு வேகம் போகும். மிஸ்டியர் ஒலி வேகத்தைக் கூட ஒழுங்கா எட்டாது. எப்படி சுட முடிஞ்சது?

பெரியப்பா: நல்ல கேள்வி. ஸ்டார்ஃபைட்டருக்கு இறக்கை குட்டையா, சின்னதா இருக்கும். நேர்கோட்டுல அதைப் பிடிக்க ஆளே கிடையாது. ஆனா தாழப் பறந்து வளைஞ்சு வளைஞ்சு சண்டை போட அது லாயக்குப்படாது. தேவய்யா அதை அந்த மாதிரி சண்டைக்குள்ள இழுத்துட்டார். மிஸ்டியரோட 30 மி.மீ. பீரங்கி பட்டு, அம்ஜத்துக்கு விமானம் கட்டுக்கு அடங்கல. இஜெக்ட் ஆகி, அதாவது சீட்டோட வெளிய பாஞ்சு, தப்பிச்சார். தேவய்யா தப்பிக்கல.

அண்ணி: இங்க யாரும் பார்க்கலையா மாமா?

பெரியப்பா: மத்தவங்கள்லாம் தாழப் பறந்து வந்துக்கிட்டிருக்காங்க. பெட்ரோல் மட்டுமட்டு. யார் எங்க பின்தங்கினார்னு பார்க்க வழியில்லம்மா.

பெரியப்பா: ஒண்ணு சொல்றேன். நாங்க விமானத்தைத் தயார் பண்ற கிரவுண்ட் ஆளுங்க. ஃபார்ம் 700ங்கிற விமானப் பராமரிப்பு ஏட்டுல பைலட் கையெழுத்து போடுவார், ஏறுவார். ஸ்ட்ராப் மாட்டி விடுவோம். இஜெக்ஷன் சீட் பின்னை உருவி அவர் கண்ணு முன்னாடி காட்டுவோம், அவர் தலையை ஆட்டுவார். அப்புறம் எங்களுக்கு வேலை வானத்தைப் பார்க்கிறதுதான். சும்மா பயிற்சிப் பறப்பா இருந்தாலும் போனதை எண்ணுவோம், வந்ததை எண்ணுவோம். அன்னிக்கு ஆதம்பூர்ல எண்ணினவங்களுக்கு ஒண்ணு குறைஞ்சது. ஏன்னு சொல்ல ஆள் இல்ல. ஏட்டுல "காணவில்லை"ன்னு எழுதியாச்சு.

சின்ன அத்தை: ஐயோ. வீட்ல இருந்தவங்க?

பெரியப்பா: மனைவி, சின்னக் குழந்தைங்க. "காணவில்லை"ன்னா திரும்பி வந்தாலும் வருவார்னுதானே நினைக்கத் தோணும்?

தம்பி: அப்புறம் எப்படித் தெரிஞ்சது?

பெரியப்பா: அங்கிருந்துதான். 1979ல ஒரு பிரிட்டிஷ் எழுத்தாளர், பாகிஸ்தான் விமானப்படை உதவியோட அந்தப் போர் பத்திப் புத்தகம் போட்டார். அதுல, அடிபட்ட ஒரு மிஸ்டியர் திரும்பி வந்து ஸ்டார்ஃபைட்டரை வீழ்த்தின கதை இருந்தது. ஓட்டினவர் பேர் இல்ல. ஆனா அந்த விடிகாலைக் கூட்டத்துல திரும்பாத மிஸ்டியர் ஒண்ணே ஒண்ணு. அன்னிக்குத் தலைமை தாங்கிப் போன தனேஜா, தேவய்யாவுக்கு உரிய மரியாதை கிடைக்கணும்னு விடாம எழுதினார். 1988ல மகாவீர் சக்கரம், போர்க்கால வீரத்துக்கான ரெண்டாவது பெரிய விருது. 23 வருஷம் கழிச்சு. ஆர். வெங்கட்ராமன் ஜனாதிபதியா இருந்த காலம்.

பெரியப்பா: உடலைப் பாகிஸ்தான் கிராமத்து ஜனங்களே கண்டெடுத்து, வயல்லயே அடக்கம் பண்ணியிருக்காங்க. அதுவும் ரொம்பப் பின்னாடிதான் இங்க தெரிஞ்சது.

அண்ணி: அந்த ஜனங்க நல்லா இருக்கணும் 🙏

சின்ன அத்தை: கரியப்பா மகனும் அந்தப் போர்ல பைலட்தானே அண்ணா? அப்பா சொல்லிக் கேட்ட ஞாபகம்.

பெரியப்பா: ஆமா, நந்தா கரியப்பா. அதே மாசம் 22ஆம் தேதி ஹண்டர் போர் விமானம் ஓட்டிப் போய் சுடப்பட்டுக் கைதியானார். அப்போ பாகிஸ்தான் ஜனாதிபதியா இருந்த அயூப் கான் ஒரு காலத்துல கரியப்பாவுக்குக் கீழ வேலை பார்த்தவர், விட்டுடறேன்னு சொல்லி அனுப்பினார். மத்த கைதிகளை எப்படி நடத்துவீங்களோ அப்படியே நடத்துங்கன்னுட்டார் கரியப்பா. அந்தச் சின்ன ஜில்லா இந்த நாட்டுக்குக் கொடுத்தது கொஞ்சமா என்ன!

குட்டி: அந்த அம்ஜத் உசேன் என்ன ஆனார்?

பெரியப்பா: 1971 போர்ல மறுபடி ஸ்டார்ஃபைட்டர்ல வந்தார். அமிர்தசரஸ் பக்கம் நம்ம விமான எதிர்ப்பு பீரங்கி சுட்டு இறக்கிடுச்சு. இங்க போர்க்கைதியா இருந்துட்டு ஊர் திரும்பினார்.

சின்ன அத்தை: அப்படின்னா விஷயம் தெரிஞ்ச ஆள் 71லயே நம்ம கையில இருந்திருக்கார்! அந்தம்மா 88 வரைக்கும் காத்திருக்க வேண்டியதாப் போச்சே.

பெரியப்பா: எனக்கும் அதுதான்மா ஆறவே மாட்டேங்குது. பதக்கம் லேட்டாறது ஒரு பக்கம். புருஷன் கடைசி நிமிஷத்துல என்ன செஞ்சார்னு தெரியாம இத்தனை வருஷம் ஒரு பொம்பளை இருந்திருக்காங்களே.

தம்பி: பெரியப்பா, பையன் பக்கத்துல நின்னு நான் படிக்கிறதைக் கேட்டுக்கிட்டிருக்கான். மிஸ்டியரை நேர்ல பார்க்க முடியுமான்னு கேக்கறான்.

பெரியப்பா: டெல்லி பாலம் விமானப்படை மியூசியத்துல ஒண்ணு நிக்குது. லீவுக்குக் கூட்டிட்டுப் போ. நான் அவன்கிட்டப் பேசணும், ரூமுக்குப் போனதும் வீடியோ கால் போடு.